இரண்டு பேரையும் உள்ளே கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் புராஸ்டேட் புற்றுநோய் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. ராத்திரியில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்திருப்பது, ரத்தத்தில் பி.எஸ்.ஏ. பார்ப்பது, சதை எடுத்துப் பரிசோதிப்பது, ஆபரேஷன், கதிர்வீச்சு என்று எல்லாம் வரிசையாகச் சொல்லியிருந்தார்கள். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கடைசி வரி வரைக்கும் தேடிப் பார்த்தேன், அந்த நோயாளியோடு ஒரே வீட்டில் இருக்கும் மனைவி எங்கேயும் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

எனக்கு 61 வயது. மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். அவருக்கு 66. பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் தையற்கடை வைத்திருக்கிறார். நாற்பது வருஷமாகப் பேன்ட், சட்டை. ராத்திரியில் ஐந்து தடவை, ஆறு தடவை பாத்ரூமுக்கு எழுந்து போக ஆரம்பித்தார். சர்க்கரையாக இருக்கும் என்று நினைத்தோம், சர்க்கரை இல்லை. வயசானால் எல்லோருக்கும் இப்படித்தான் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னதை நம்பி ஏழெட்டு மாதம் ஓட்டிவிட்டார். புராஸ்டேட் என்பது மூத்திரப் பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவுக்கு இருக்கும் சுரப்பி. நடுவில்தான் மூத்திரக் குழாய் போகிறது. வயதாக ஆக அது வீங்குவது சகஜம், வீங்கினாலே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. பி.எஸ்.ஏ. என்பது அந்தச் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் ஒரு புரதம், அதன் அளவு 4-க்கு மேலே போனால் சந்தேகப்படுவார்கள். வெறும் வீக்கத்திலும், கிருமித் தொற்றிலும்கூட அது ஏறும். இவருக்கு 22 இருந்தது. சதை எடுத்துப் பார்த்ததில் கிளீசன் 8 என்று வந்தது, அதாவது வேகமாக வளரும் ரகம். எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள், நல்ல வேளை, பரவவில்லை. ஆபரேஷன் என்று முடிவானது.

ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்னால் டாக்டர் பேசக் கூப்பிட்டார். நானும் எழுந்து கூடவே போனேன். வாசலில் இருந்தவர், "பேஷன்ட் மட்டும் வரட்டும், நீங்க வெளிய உக்காருங்கம்மா" என்றார். உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் கூட இருக்காது, அவர் வெளியே வந்தார். என்ன சொன்னாங்க என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, கையெழுத்து வாங்கினாங்க" என்றார். எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை. அங்கேதான் அவர் உயிரைக் காப்பாற்றினார்கள், அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்கு நான் வெளியே உட்கார்ந்திருந்ததற்கான விலையை நாங்கள் இரண்டு பேரும் எட்டு மாதம் கொடுத்தோம்.

உள்ளே அவரிடம் சொன்னது இதுதான்: தாம்பத்தியத்துக்கு வேண்டிய நரம்புகள் அந்தச் சுரப்பியை ஒட்டியே போகின்றன. நோய் இருக்கும் இடத்தைப் பொறுத்துச் சிலருக்கு அவற்றைக் காப்பாற்ற முடியும், சிலருக்கு முடியாது, உங்களுக்கு அநேகமாக முடியாது. இன்னொன்று, கொஞ்ச நாளைக்குச் சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமல் கசியும். அவர் இதை என்னிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தும், இந்த மாதிரி விஷயத்துக்கு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வார்த்தையே கிடையாது. எங்கள் தலைமுறையில் யார் வீட்டில்தான் இருந்தது?

டியூபோடு வீட்டுக்கு வந்தார். பத்து நாளில் டியூபை எடுத்தார்கள். அப்புறம் ஆரம்பித்தது கசிவு. இருமினால் வரும், தும்மினால் வரும், நாற்காலியிலிருந்து எழுந்தால் வரும். ஒரு நாளைக்கு நாலு பேட். ஆபரேஷன் செலவு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் முடிந்தது, பேட் எங்கள் கைக்காசு. கடைக்குப் போகமாட்டேன் என்றார். அளவெடுக்கும்போது குனிய வேண்டும், ஒருவர் இடுப்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுபோக அவ்வளவு கிட்டத்தில் நிற்க வேண்டும், வாடை தெரிந்துவிடுமோ என்ற பயம். அந்த வருஷம் தீபாவளிக்கு எம்.சி. ரோட்டில் கால் வைக்க இடமில்லை, எங்கள் கடை ஷட்டர் மூடியே இருந்தது. எனக்குத் தெரிந்து அந்தக் கடை தீபாவளிக்கு மூடிக் கிடந்தது அந்த ஒரு வருஷம்தான்.

பாயை எடுத்துக்கொண்டு கூடத்தில் படுக்கப் போனார். நான் தோளில் கை வைத்தால்கூட விலகினார். கேட்டால் கோபம். நான் என்ன நினைப்பேன்? ஆஸ்பத்திரியில் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனோ, பணத்துக்கு என் தம்பியிடம் கைநீட்டியது பிடிக்கவில்லையோ என்று ராத்திரி பூராவும் புரளுவேன். பிள்ளைகளிடம் சொல்ல முடியுமா இதை? கடைசியில் என் அக்கா மகள் வந்திருந்தபோது டிஸ்சார்ஜ் ஃபைலை அவளிடம் காட்டினேன். அவள் நர்சு. படித்துவிட்டு, "சித்தி, இது உங்ககிட்ட யாருமே சொல்லலையா?" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அவர் என் மேல் கோபமாக இல்லை, எனக்கு ஒரு நஷ்டத்தைக் கொண்டுவந்துவிட்டதாக நினைத்து ஒளிந்துகொண்டிருந்தார்.

தெரிந்துவிட்டது, ஆனாலும் எப்படிப் பேச்சை எடுப்பது என்று தெரியவில்லை. அதற்குள் பி.எஸ்.ஏ. மறுபடியும் மெல்ல ஏற ஆரம்பித்துவிட்டது. சுரப்பியையே எடுத்த பிறகு அது இருக்கவே கூடாது, இவருக்கு 0.3 வந்தது. கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும், 33 நாள், கூடவே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆண் ஹார்மோனை நிறுத்தும் ஊசி என்றார்கள்.

கரண்ட் வைக்கும் இடத்து பெஞ்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே ஒரு நடைமுறை உண்டு. படுக்க வைப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் அரை லிட்டர் தண்ணீர் குடித்து, மூத்திரப் பை நிறைந்த நிலையில் உள்ளே போக வேண்டும். பை நிறைந்திருந்தால் குடலும் பையும் கொஞ்சம் தள்ளி நிற்கும், கதிர் அவற்றின் மேல் குறைவாகப் படும். நியாயமான காரணம்தான். ஆனால் அடக்கவே முடியாத மனிதரிடம் அடக்கிக்கொண்டு உட்கார் என்றால்? வரிசையில் முன்னால் ஒரு மெஷின் கோளாறு என்று அரை மணி தள்ளிப் போனால், இவர் முகத்தைப் பார்க்கவே முடியாது. பேன்ட் நனைந்து எழுந்து போவார், மறுபடியும் தண்ணீர் குடிப்பார், மறுபடியும் காத்திருப்பார்.

அந்த பெஞ்சில் ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வரும் ஒரு பெண் என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, உங்க வூட்டுக்காரரும் இப்டித்தான் முகத்த திருப்பிக்கினு போறாரா?"

நான் அழுதுவிட்டேன். எட்டு மாதத்தில் எனக்கு ஏதோ நடக்கிறது என்று நினைத்து என்னைக் கேட்ட முதல் ஆள் அவள்.

அவள் கணவர் கடலுக்குப் போகிறவர். இடுப்பு வலி, முதுகு வலி என்று ஒரு வருஷம் தைலம் தேய்த்திருக்கிறார்கள், வலை இழுக்கிறவருக்கு முதுகு வலிக்காதா என்று. பார்த்தபோது எலும்பு வரைக்கும் போயிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசியா, இல்லை விதைகளையே எடுத்துவிடும் ஆபரேஷனா என்று கேட்டபோது, ஊசிக்கு அலைய முடியாது, ஒரே தடவையில் முடிந்துவிடும் என்று அவர் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டார். அந்த முடிவை எடுத்த நாளிலும் அவள் வெளியேதான் உட்கார்ந்திருந்தாளாம். வீட்டுக்கு வந்து, "நான் இனிமே ஆம்பளையே இல்ல" என்று சொன்னவர் அதற்கப்புறம் கரையில் சீட்டாடும் கூட்டத்துப் பக்கமே போகவில்லை. இவளுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை, சோறு போட்டேன் அக்கா என்றாள்.

அடுத்த நாள் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எங்கள் வீட்டுக்காரர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தோம். முதலில் கடலில் மீன் இல்லாததைப் பற்றிப் பேசினார்கள். மூன்றாவது நாள், எத்தனை பேட் ஆகுது உங்களுக்கு என்று அந்த மீனவர் கேட்டது என் காதில் விழுந்தது.

ஹார்மோன் ஊசியைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண் ஹார்மோன்தான் இந்தப் புற்றுநோய்க்குத் தீனி, அதை நிறுத்தினால் நோய் அடங்கும் என்பதை 1941-லேயே சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் காட்டிவிட்டார், 1966-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஹார்மோனை நிறுத்தினால் ஆசை போய்விடும், உடம்பு திடீரென்று கொதித்து வியர்க்கும், எடை போடும், எலும்பு தேயும், காரணமில்லாமல் அழுகை வரும், சிலருக்கு மார்பு வலித்து வீங்கும். எண்பது வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த வைத்தியத்தின் விளைவுகள் இவை, புதுசாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஊசி போடும் அன்றைக்கு ஐந்து நிமிஷம் உட்கார்ந்து சொன்னால் போதும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது ஊசிக்கு அப்புறம் ஒரு ராத்திரி, மார்கழி மாதம், ஃபேனை வேகமாக வைத்துவிட்டு பனியனைக் கழற்றிப் போட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து தண்ணீர் ஊற்றினது போல வியர்வை. நெஞ்சுவலியோ என்று பதறி ஓடினேன். முகத்தைத் தொட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மாதவிலக்கு நின்றபோது, இதே கூடத்தில் இதே மாதிரி நான் உட்கார்ந்திருக்கிறேன். "இது எனக்கு வந்ததுதாங்க, ஒண்ணும் பயமில்ல, அஞ்சு நிமிஷத்துல போயிடும்" என்று ஈரத்துணியைப் பிழிந்து கழுத்தில் போட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா? ஒரு வார்த்தை சொன்னியா நீ?" என்றார். எத்தனையோ தடவை சொன்னேன், ஃபேனைக் குறை குளிருது என்றுதான் அப்போது நீங்கள் சொன்னீர்கள் என்றேன். அன்றைக்கு விடிய விடியப் பேசினோம். டாக்டர் அறைக்குள் நடந்ததை அன்றைக்குத்தான் அவர் வாயால் கேட்டேன். பாய் உள்ளே வந்தது.

தாம்பத்தியம் என்றால் அந்த ஒன்று மட்டும்தான் என்று நாங்கள் இரண்டு பேருமே நினைத்திருந்தோம் போலிருக்கிறது. அதற்கும் வழிகள் இருக்கின்றன என்பது அப்புறம்தான் தெரிந்தது: மாத்திரை, பம்பு மாதிரி ஒரு கருவி, ஊசி. நரம்பைக் காப்பாற்றிய ஆபரேஷன் என்றால் ஒன்றரை இரண்டு வருஷம் வரைக்கும்கூட மெல்ல மெல்லத் திரும்பலாம். ஆனால் நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மெடிக்கல் கடையில் வெட்கத்தோடு வாங்கி ஒளித்து ஒளித்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இதை யார் சொல்வது? எங்களுக்கு இப்போது அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. காலையில் ராயபுரத்து அண்ணா பூங்காவில், பழைய ஆட்கள் ராபின்சன் பூங்கா என்பார்களே, அங்கே இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் நடக்கிறோம். எலும்புக்காக நடக்கச் சொன்னார்கள். கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். முப்பத்தாறு வருஷத்தில் தெருவில் என் கையைப் பிடித்ததே இல்லை.

கசிவு பெரும்பாலானவர்களுக்குச் சில மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடும். அதற்கு ஒரு பயிற்சி உண்டு. சிறுநீரைப் பாதியில் நிறுத்துவதாக நினைத்து அந்தத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, விட வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது, வயிற்றை இறுக்கக் கூடாது. இதை ஆபரேஷனுக்கு முன்பே ஆரம்பித்தால் நல்லது. எங்களுக்கு ஐந்து மாதம் கழித்துத்தான், அதுவும் இன்னொரு நோயாளி சொல்லித் தெரிந்தது.

அந்த இடைக்காலத்தில் அவர் என்ன செய்தார் தெரியுமா? என்னிடம் மனசு விட்டுப் பேசிய பிறகு ஒரு நாள் கடை ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே போனார். டர்க்கி டவல் துணியை நாலு மடிப்பாக மடித்து, அடியில் மழைக்கோட்டுத் துணி வைத்து, துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொள்கிற மாதிரி பேட் தைத்தார். அடர் நிறத்தில், முன்பக்கம் இரண்டு மடிப்பு வைத்த பேன்ட் இரண்டு தைத்தார், உள்ளே பேட் இருப்பது வெளியே தெரியாது. அதைப் போட்டுக்கொண்டு கரண்ட் வைக்கப் போனபோது அந்த மீனவர் தொட்டுப் பார்த்துவிட்டு, எனக்கும் ஒன்று என்றார். அப்புறம் வியாசர்பாடியிலிருந்து வரும் ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர். அப்புறம் தண்டையார்பேட்டையிலிருந்து இன்னொருவர். அளவெடுக்கக் கடைக்கு வந்தார்கள், வீட்டம்மாக்களும் கூட வந்தார்கள். இப்படித்தான் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் எங்கள் கடையில் கூடுவது என்று ஆனது. இப்போது நாலு தம்பதி. ஆண்கள் கட்டிங் மேஜையைச் சுற்றி, நாங்கள் பெண்கள் வாசல் பக்கம். கொஞ்ச நேரத்தில் எல்லாம் கலந்துவிடும். அடுத்த பி.எஸ்.ஏ. ரிசல்ட் வரும் வாரத்தில் தூக்கம் வராது என்று ஒருவர் சொன்னால் மற்ற ஏழு பேருக்கும் விளக்கம் தேவைப்படாது. ராகி எப்படிச் சேர்ப்பது, எந்த பஸ்சில் ஏறினால் இறங்கும் இடத்தில் கழிப்பறை இருக்கும், மகளுக்கு வரன் பார்க்கும்போது நோயைச் சொல்வதா வேண்டாமா, எல்லாம் வரும். வடசென்னையில் தெருவுக்குத் தெரு கேரம் கிளப் இருக்கிறது, மன்றம் இருக்கிறது, ஆண்கள் உட்கார்ந்து பேச இடமா இல்லை? ஆனால் அங்கே எதிலும் இந்தப் பேச்சை எடுக்க முடியாது.

ஒரு தையற்கடையில் எட்டுப் பேர் உட்காரலாம். இது தேவைப்படுகிறவர்கள் எட்டுப் பேர்தானா? அதனால் நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை, கோடிக்கணக்கில் பணம் இல்லை. சிறுநீரக அறுவைப் பிரிவும் புற்றுநோய்ப் பிரிவும் இருக்கும் அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் மாதத்தில் ஒரு நாள், ஓ.பி. முடிந்த மதியத்தில், ஒரு அறை. அதில் பத்து நாற்காலி, ஒரு மனநல ஆலோசகர், பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு சிஸ்டரோ பிசியோதெரபிஸ்டோ. ஏற்கெனவே சிகிச்சை முடித்த ஒரு தம்பதியை அங்கே உட்கார வைத்தால் மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எங்களை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ சென்ட்ரல் எதிரே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கோ கூப்பிட்டாலும் நானும் அவரும் வரத் தயார். இதற்கும் முன்னால், செலவே இல்லாத ஒன்று: கையெழுத்து வாங்கும் நாளில், நோயாளி சம்மதித்தால், மனைவியையும் உள்ளே கூப்பிடுங்கள். தமிழில் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள், வீட்டுக்குப் போய்ப் படித்துக்கொள்கிறோம்.

மாநகராட்சிக்கும் ஒன்று. ஆண்கள் கழிப்பறைக்குள் மூடி போட்ட குப்பைத்தொட்டி வையுங்கள். நனைந்த பேடைப் போட இடமில்லாமல் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பைக்குள் வைத்து, பஸ்சில் வீடு வரைக்கும் கொண்டுவருவார் என் வீட்டுக்காரர். பெண்கள் கழிப்பறையில் தொட்டி வேண்டும் என்பது எல்லோருக்கும் புரிகிறது, ஆண்களுக்கும் வேண்டும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

கூட இருந்து பார்த்தவர்களுக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி விடாமல் போராடி 1954-இல் தொடங்கியது அது. அந்தத் தங்கை பட்ட பாட்டை அவர் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். அக்டோபர் வந்தால் மார்பகப் புற்றுநோய்க்கு இளஞ்சிவப்பு ரிப்பன் எங்கும் தெரிகிறது, ரொம்ப நல்ல காரியம். செப்டம்பர் மாதம் புராஸ்டேட்டுக்கானது, அதற்கு வெளிர்நீல ரிப்பன் என்பது எங்கள் நாலு வீட்டுக்கும் நோய் வரும் வரை தெரியாது. உங்கள் நாளிதழ் செப்டம்பரில் ஒரு பக்கம் ஒதுக்கினால் உதவியாக இருக்கும். ஐம்பது வயதானவர்கள் டாக்டரிடம் பி.எஸ்.ஏ. பற்றிக் கேட்க வேண்டும், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ வந்திருந்தால் 45-லேயே கேட்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். அப்பாவுக்கு வந்தால் மகனுக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. எங்கள் மகனுக்கு 34, இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

என் விலாசத்தை உங்கள் அலுவலகத்துக்குத் தனித் தாளில் எழுதி இதோடு இணைத்திருக்கிறேன். யாராவது தம்பதி கேட்டு எழுதினால் கொடுங்கள், பெயரை மட்டும் அச்சில் போட வேண்டாம், கடைக்கு வரும் மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் அப்படித்தான் விரும்புகிறார்கள். வரும் ஞாயிறு கொடுங்கையூரிலிருந்து புதிதாக இரண்டு பேர் வருகிறார்கள். அந்தக் கணவருக்கு ஆபரேஷன் அடுத்த வாரம்தான். என் வீட்டுக்காரர் போனிலேயே இடுப்பளவு கேட்டுக்கொண்டு, நேற்று ராத்திரியே துணியை வெட்டி வைத்துவிட்டார்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21